கத்தரிக்கோலும் சுயராஜ்யமும்

சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு மாநகரங்களிலும் வானளாவிய மாளிகைகள் இருக்கின்றன. அந்த மாளிகைகளைக் கட்டிய கைகளுக்கு உரியவர்கள் குடிசைகளிலும் சாக்கடை ஓரங்களிலும் வசிக்கிறார்கள். இது எவரும் அறியாத இரகசியமன்று. வீதியில் நடக்கும் ஒவ்வொருவரும் அன்றாடம் காணும் காட்சியே. ஆயினும், அக்காட்சியை ஒருவர் காமிராவில் பிடித்துத் திரையில் காட்ட முற்பட்டபோது சுதந்திர இந்தியாவின் சென்ஸார் அதிகாரிகள் கையில் கத்தரிக்கோலுடன் குறுக்கே வந்து நின்றார்கள். அந்தத் தகராறு தேசத்தின் மிக உயர்ந்த நீதிஸ்தலம் வரையில் சென்றது. அதன் முடிவு இன்று நம் முன்னால் உள்ள ஒரு பெரிய பிரச்னைக்கு மூலகாரணமாக விளங்குகிறது. ஆகையால் அந்த விருத்தாந்தத்தைத் தேச ஊழியர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

படம் எடுத்தவர் யார்?

ஜனாப் க்வாஜா அஹமத் அப்பாஸ் 1914-ம் வருஷத்தில் பானிபட் நகரில் பிறந்தவர். முதலில் பத்திரிகாசிரியர், பிறகுதான் படக் கலைஞர். 'பம்பாய் கிரானிகிள்' பத்திரிகையில் தொழில் பழகியவர். 'ஆவாரா' முதலிய பிரசித்தி பெற்ற படங்களுக்குக் கதை எழுதிக் கொடுத்தவர். வங்காளப் பஞ்சத்தின் கொடுமையைச் சித்திரித்து 1946-ல் 'தர்த்தி கே லால்' என்னும் படத்தை எடுத்தவரும் அவரே. பெரிய ஸ்டூடியோ முதலாளிகளை நம்பி வாழாமல், தமக்கெனச் சிறு கம்பெனி ஒன்றை வைத்துக்கொண்டு, தமக்குச் சரியென்று பட்டதையே படமாக எடுத்தார். கோவா விடுதலைப் போரைப் பற்றிய அவருடைய 'சாத் ஹிந்துஸ்தானி' 1969-ம் வருஷத்தில் வெளிவந்தது. தேச விடுதலையின் பெருமையைத் திரையில் பாடிய அதே வருஷத்தின் முடிவில்தான், விடுதலை பெற்ற தேசத்தின் சென்ஸார் போர்டுடன் அவருக்கு மோதல் ஏற்பட்டது.

மோதலுக்குக் காரணமான படம் 'நான்கு நகரங்களின் கதை' என்னும் சிறு டாகுமெண்டரி. கறுப்பு வெள்ளைப் படம். அதில் சம்பாஷணை கிடையாது. கூலிகள் வேலை செய்யும்போது பாடும் பாட்டு ஒன்றும், பின்னணி இசையும், சில ஓசைகளுமே உண்டு. ஒரு காட்சியில் அரண்மனை போன்ற ஹோட்டல். மறு காட்சியில் சேரி. மோட்டாரில் சாய்ந்து செல்லும் சீமான்களுக்குப் பக்கத்தில், கல்கத்தாவிலும் சென்னையிலும் ரிக்ஷாவும் கைவண்டியும் இழுக்கும் மனிதர்கள். ஓரிடத்தில், கொழுத்த பிரயாணி ஒருவனை ஏற்றிக்கொண்டு எலும்பும் தோலுமான ரிக்ஷாக்காரன் மூச்சிரைக்க இழுத்துச் செல்கிறான். பிறகு அதே ரிக்ஷாவில் ரிக்ஷாக்காரன் ஏறி உட்கார்ந்திருக்க, முன்பு சவாரி செய்தவன் அதை இழுக்கிறான். சுதந்திரப் போராட்டத் தலைவர்களின் சிலைகள் உயர்ந்த பீடங்களில் நின்று, ஒன்றும் செய்ய இயலாமல் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. படத்தின் கருத்து இதுதான். இதைக் காட்டிலும் கூர்மையாக ஒரு தலையங்கம் எழுதுதல் எளிதன்று.

ஆட்சேபம் என்ன?

பம்பாயில் விலைமாதர் வசிக்கும் தெரு ஒன்றும் அப்படத்தில் சிறிது நேரம் காட்டப்பட்டிருந்தது. எல்லோரும் பார்க்கத்தக்கது என்று பொருள்படும் 'யு' ஸர்டிபிகேட் வேண்டுமென்று அப்பாஸ் விண்ணப்பித்தார். வயது வந்தோருக்கு மட்டும் என்னும் 'ஏ' ஸர்டிபிகேட்தான் தரமுடியும் என்று போர்டு பதில் சொல்லிற்று. அவர் மத்திய சர்க்காருக்கு அப்பீல் செய்துகொண்டார். 1970-ம் வருஷத்தின் நடுவில் சர்க்கார் ஒரு நிபந்தனை விதித்தது. அந்தத் தெருக் காட்சியைக் குறைக்க வேண்டும். ஒரு பெண் ஜன்னலைச் சாத்துவது, முழங்கால் தெரிவது, ரூபாய் நோட்டுக் கைமாறுவது ஆகிய பகுதிகளை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் 'யு' ஸர்டிபிகேட் கிடைக்கும் என்பதே அந்த நிபந்தனை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தத் தெரு பம்பாயில் இருந்தது; அதை நடத்திவைக்கும் வறுமையும் இருந்தது; அங்கே போகும் பணக்காரனும் இருந்தான். அவற்றை ஒழிக்க ஒரு கத்தரிக்கோலும் கிளம்பவில்லை. அவற்றைக் காட்டிய படச்சுருளை வெட்டத்தான் கத்தரிக்கோல் கிளம்பிற்று. ரூபாய் நோட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதை மறைத்துவிட்டால், அந்தப் பெண்ணின் அவல நிலைக்குப் பணமே காரணம் என்ற உண்மையும் மறைந்துவிடும். அப்படி மறைக்கப்பட்ட பிறகு எஞ்சி நிற்பது வெறும் வேடிக்கைக் காட்சியேயன்றி வேறில்லை.

அப்பாஸ் பணியவில்லை. தமது பேச்சுரிமைக்குப் பங்கம் நேர்ந்ததாக நேரே சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்துகொண்டார். விசாரணைக்கு வந்ததும் சர்க்கார் பின்வாங்கிற்று. வெட்டு ஒன்றும் இல்லாமலே 'யு' ஸர்டிபிகேட் தருவதாகச் சர்க்கார் தரப்பு வக்கீல் கோர்ட்டில் தெரிவித்தார். நேற்று வரை சிறுவர்களைக் கெடுக்கும் என்று கருதப்பட்ட காட்சி, வழக்கு என்றவுடன் ஒரே நாளில் பரிசுத்தமாகிவிட்டது! சென்ஸார் நீதி எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சாதாரண மனிதராக இருந்தால், காரியம் முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார். அப்பாஸோ தமது மனுவைத் திருத்தி, தணிக்கை முறை முழுவதையுமே நீதிபதிகளின் முன் வைத்தார். என் படத்துக்கு இன்று விடுதலை கிடைத்துவிட்டது. நாளைக்கு வேறொருவன் எடுக்கும் படத்துக்கு என்ன கதி என்பதே அவருடைய கேள்வி. தமக்கு வேண்டியது கிடைத்த பிறகும் பிறருக்காகப் போராட்டத்தைத் தொடர்வது தேச ஊழியனுடைய லக்ஷணம். அந்த லக்ஷணம் அப்பாஸிடம் பூரணமாக இருந்தது.

கத்தரிக்கோல் வந்த வழி

அவருடைய கேள்விகளைப் பார்க்கும் முன், இந்தக் கத்தரிக்கோல் யாருடைய சொத்து என்பதை ஞாபகப்படுத்திக்கொள்வோம். 1918-ம் வருஷத்தில் அந்நிய ஆட்சியினர் சினிமாட்டோகிராப் சட்டத்தை இயற்றினார்கள். 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் சென்ஸார் போர்டுகள் ஏற்பட்டன. போலீஸ் கமிஷனர் சொல்வதே அவற்றில் வேதவாக்கு. 1921-ல் வெளிவந்த 'பக்த விதுரர்' படத்தில் விதுரர் கதர் உடுத்து, மகாத்மா காந்தியைப்போலத் தோற்றமளித்தார் என்பதற்காகச் சென்னையிலும் கராச்சியிலும் அதற்குத் தடை விதித்தார்கள். மகாபாரதக் கதையைக் கண்டே ஒரு சாம்ராஜ்யம் நடுங்கிற்று! 1939-ல் ஸ்ரீ கே. சுப்ரஹ்மண்யம் எடுத்த 'தியாக பூமி' தமிழ்நாட்டில் தேசபக்திக் கனலை மூட்டிற்று. காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பின்னர், அந்தப் படத்துக்கும் அந்நிய சர்க்கார் தடை விதித்தது.

அந்நியன் போய்விட்டான். அவனுடைய கத்தரிக்கோல் போகவில்லை. 1952-ம் வருஷத்தில் நமது பார்லிமெண்டே புதிய சினிமாட்டோகிராப் சட்டத்தை இயற்றிற்று. படத்தை முன்கூட்டியே அதிகாரிகளிடம் காட்டி அநுமதி பெறவேண்டும் என்ற பழைய விதி அதிலும் நிலைத்தது. போலீஸ் கமிஷனர் இருந்த இடத்தில் மத்திய சர்க்கார் நியமிக்கும் போர்டு வந்தது. அதன் தீர்ப்பின்மேல் அப்பீல் செய்ய வேண்டுமானால் அதே மத்திய சர்க்காரிடமே போகவேண்டும். அடித்தவரிடமே போய் முறையிடும் நிலைமை இது.

பத்திரிகைகளின் விஷயத்திலோ நிலைமை வேறு. அந்நிய ஆட்சியில் ஜாமீன் கேட்டும், அச்சகத்தைப் பறிமுதல் செய்தும் பத்திரிகைகளை நசுக்கினார்கள். பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகை 1908-ல் புதுச்சேரிக்குப் போய் அடைக்கலம் புகுந்ததை நேயர்கள் அறிவார்கள். ஆனால் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்த 1950-ம் வருஷத்திலேயே, பத்திரிகையை அச்சிடுமுன் அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும் என்ற தில்லி உத்தரவைச் சுப்ரீம் கோர்ட் செல்லாதென்று தள்ளிவிட்டது. ஆகவே அப்பாஸ் தமது நான்கு நகரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தால், அதை எவரிடமும் காட்டாமலே பிரசுரித்திருக்கலாம். அதையே படமாக எடுத்ததனால் அதிகாரிகளின் வாசலில் காத்து நிற்க நேர்ந்தது. எழுத்துக்கு ஒரு நீதி, படத்துக்கு ஒரு நீதி என்பது நியாயமா?

தீர்ப்பு

கோர்ட்டின் முன் அப்பாஸ் தரப்பில் நான்கு வாதங்கள் எடுத்துக் கூறப்பட்டன. முன்கூட்டித் தணிக்கை செய்வதே பேச்சுரிமைக்கு விரோதம் என்பது முதல் வாதம். அப்படியே தணிக்கை கூடும் என்றாலும், அதிகாரி தம் மனம் போனபடி நடக்க இடமில்லாத தெளிவான விதிகள் வேண்டும் என்பது இரண்டாவது. இத்தனை நாளைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று காலவரையறை வேண்டும் என்பது மூன்றாவது. அப்பீலைச் சர்க்கார் விசாரிக்கலாகாது, ஒரு கோர்ட்டோ சுயேச்சையான டிரிப்யூனலோதான் விசாரிக்கவேண்டும் என்பது நான்காவது.

1970-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி பிரதம நீதிபதி ஹிதயதுல்லா தீர்ப்புரைத்தார். திரைப்படம் மற்றெந்தக் கலையினும் மிகுதியாக மக்களின் உணர்ச்சியைக் கிளறிவிடக்கூடியது. ஆதலின் அதைத் தனியாக வைத்து முன்கூட்டித் தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு முரணாகாது என்பது முடிவு. முதல் வாதம் தோற்றது. இரண்டாவது வாதத்திலும் சட்டம் தப்பிப் பிழைத்தது. எனினும் கலைச் சிறப்புள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிய விதிகள் வழிசெய்யவில்லை என்று நீதிபதிகள் குறை கூறினார்கள். ஆண் பெண் உறவைக் காட்டுவதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்றும், மிகவும் கெட்டுப்போன ஒருவனுடைய மனத்தை அளவுகோலாக வைத்துக் கலையை அளக்கலாகாது என்றும் எடுத்துரைத்தார்கள். மூன்றாவது, நான்காவது வாதங்களைச் சர்க்கார் தரப்பே ஒப்புக்கொண்டது. காலவரையறையும், சுயேச்சையான அப்பீல் டிரிப்யூனலும் ஏற்படுத்துவதாகக் கோர்ட்டில் வாக்களித்தது.

தீர்ப்பின் முதற் பகுதியை நாம் ஏற்பதற்கில்லை. சினிமா உணர்ச்சியைக் கிளறுகிறது என்பது உண்மை. எழுதப் படிக்கத் தெரியாதவனையும் அது எட்டுகிறது என்பதும் உண்மை. ஒரு பொய்ப் படத்தினால் கலவரம் மூளக்கூடும் என்று அஞ்சுகிறவர்களின் அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் உணர்ச்சியைக் கிளறுவது குற்றமென்றால், மேடைப் பிரசங்கம், பஜனை, தெருக்கூத்து அனைத்தையும் தணிக்கை செய்தாகவேண்டும். எழுத்தறியாதவனை எட்டுகிறது என்பதற்காகப் படத்தை வெட்டுவது, படித்தவனுக்கு உண்மையையும் படிக்காதவனுக்கு இருட்டையும் பங்கிட்டுக் கொடுப்பதாகும். வாக்குரிமை அளிக்கும்போது எழுத்தறிவைக் கேட்காத குடியரசு, கண்ணால் காணும் உரிமைக்கு மட்டும் அதை ஏன் கேட்கவேண்டும்? கலவரத்தைத் தூண்டுகிறவனைத் தண்டிக்கச் சட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்ப்பட வழக்கில் 1989-ல் அதே சுப்ரீம் கோர்ட், ஆர்ப்பாட்டம் செய்வோம் என்று சிலர் பயமுறுத்துவதற்காகப் படத்தைத் தடுப்பது பேச்சுரிமையைப் பறிகொடுப்பதாகும் என்று கூறியதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

வாக்குறுதியும் அதன் கதியும்

எனினும், அப்பாஸ் பெற்றுத் தந்தது அற்பமன்று. கோர்ட்டில் அளித்த வாக்குறுதி நிறைவேறுவதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1981-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1983-ல் அப்பீல் டிரிப்யூனல் ஏற்பட்டது. ஹைக்கோர்ட் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவரோ, அப்பதவிக்குத் தகுதியுள்ளவரோ அதற்குத் தலைவர். போர்டின் முடிவினால் பாதிக்கப்பட்டவர் முப்பது நாட்களுக்குள் அங்கே முறையிடலாம். பெரிய வக்கீல்களை அமர்த்தவேண்டிய அவசியமின்றி, படத்தைப் போட்டுக் காட்டி வாதிக்கலாம். டிரிப்யூனலின் முடிவைச் சர்க்கார் மறுபரிசீலனை செய்து மாற்றலாகாது என்று 2000-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

அந்த டிரிப்யூனல் குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. அதன் அங்கத்தினர்களை நியமித்ததும் சர்க்காரே. ஆயினும் ஏழைக் கலைஞனுக்கு அது ஒரு புகலிடமாக இருந்தது. 2017-ம் வருஷத்தில் 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா' என்ற ஹிந்திப் படத்துக்குப் போர்டு ஸர்டிபிகேட்டே கிடையாது என்று கைவிரித்தது. அது பெண்களின் ஆசைகளைப் பற்றிய படம் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சில மாதங்களுக்குள் டிரிப்யூனல் தலையிட்டு, வயது வந்தோருக்கான ஸர்டிபிகேட் வழங்கும்படி உத்தரவிட்டது. படம் அவ்வருஷமே திரைக்கு வந்தது.

இந்தப் புகலிடம் இன்று இல்லை. 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அதைக் கலைத்துவிட்டார்கள். பின்னர் அதே வருஷத்தில் பார்லிமெண்டும் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பல டிரிப்யூனல்களினால் வழக்குகள் விரைந்து முடியவில்லை, பொக்கிஷத்துக்கு வீண் செலவு என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இனிப் போர்டின் முடிவை எதிர்க்கவேண்டுமானால் ஹைக்கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். ஆயிரக்கணக்கான வழக்குகளின் சுமையால் திணறும் ஹைக்கோர்ட்டில், வட்டிக்குக் கடன் வாங்கிப் படமெடுத்த ஒருவன் எத்தனை மாதம் காத்திருப்பான்? வக்கீல் பீஸுக்கு எங்கே போவான்? அதிகாரிகள் சொன்ன இடத்திலெல்லாம் வெட்டிவிட்டு, வெளியே வந்தால் போதும் என்றே எண்ணுவான். கோடீசுவர முதலாளிக்கு வழக்கு ஒரு செலவு. சிறிய படக்காரனுக்கோ வழக்கு என்பதே நாசம். ஆகவே அப்பீல் உரிமை ஏட்டில் இருந்தும் வீட்டில் இல்லாததாயிற்று.

இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். வட இந்தியாவில் ஒரு பெண் போலீஸ்காரர் கண்ட ஜாதிக் கொடுமையையும் போலீஸ் அட்டூழியத்தையும் சித்திரிக்கும் 'சந்தோஷ்' என்ற ஹிந்திப் படம் 2024-ல் அயல்நாட்டு விழாக்களில் காட்டப்பட்டது. ஆஸ்கார் போட்டிக்குப் பிரிட்டனின் சார்பில் அது அனுப்பப்பட்டது. ஆனால் எந்த ஜனங்களின் கதையை அது சொல்லிற்றோ அந்த ஜனங்களுக்கு அதைக் காட்ட வழி ஏற்படவில்லை. போர்டு கேட்ட வெட்டுகள் படத்தையே குலைத்துவிடும் என்று படம் எடுத்தவர்கள் கூறிய செய்தி 2025 மார்ச்சில் வெளிவந்தது. டிரிப்யூனல் இருந்திருந்தால் அங்கே முறையிட்டிருக்கலாம். அந்த வாசல்தான் அடைபட்டுவிட்டதே!

செய்யவேண்டுவது

இந்நிலையில் நாம் வேண்டுவன மூன்று. முதலாவதாக, அப்பீல் டிரிப்யூனலை மீண்டும் ஏற்படுத்தவேண்டும். அது கோர்ட்டில் சர்க்கார் கொடுத்த வாக்கின் பேரில் பிறந்தது. மந்திரிசபைகள் மாறலாம், சர்க்காரின் வாக்கு மாறலாகாது. முன்போல் தில்லியில் மட்டும் இல்லாமல், சென்னை முதலிய படத்தொழில் நகரங்களிலும் அது அமர்ந்து விசாரிக்கவேண்டும். இரண்டாவதாக, இத்தனை நாட்களுக்குள் தீர்ப்பு என்று கண்டிப்பான காலவரையறை அதற்கு வேண்டும். மூன்றாவதாக, போர்டின் வேலை இன்ன வயதினர் பார்க்கலாம் என்று வகைப்படுத்துவதே, வெட்டுவது அன்று. இது நமது புதிய யோசனையுமன்று. சர்க்காரே நியமித்த ஸ்ரீ ஷியாம் பெனகல் கமிட்டி 2016-ம் வருஷத்தில் இந்தக் கருத்தைத்தான் வற்புறுத்திற்று.

இது படக்காரர்களின் சொந்த விவகாரம், நமக்கென்ன என்று அரசியல் ஊழியர்கள் இருந்துவிடலாகாது. அப்பாஸின் படத்தில் மூச்சிரைக்க ஓடிய மனிதனை எண்ணிப் பாருங்கள். மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்ஷாவைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1973-ம் வருஷத்தில் ஒழித்தது. அந்தப் படத்தினால்தான் ஒழிந்தது என்று நாம் சொல்லவரவில்லை. ஒரு கொடுமை ஒழியவேண்டுமானால், அது கொடுமை என்று ஜனங்கள் முதலில் உணரவேண்டும். உணரவேண்டுமானால், அதைக் காணவேண்டும். வெளிச்சத்தில் நிற்கும் துன்பத்துக்கு என்றைக்கேனும் பரிகாரம் பிறக்கும். திரை போட்டு மறைத்த துன்பமோ புரையோடிப் பெருகும்.

அப்பாஸ் 1987-ல் காலமானார். தம் படத்துக்கு விடுதலை கிடைத்த பிறகும், முகமறியாத கலைஞர்களுக்காக வழக்கை நடத்தி அவர் வாங்கித் தந்த ஒரே வாசல் அந்த டிரிப்யூனல். அது மூடப்பட்டபோது தேசத்தில் பெரிய கிளர்ச்சி ஒன்றும் எழவில்லை. இனியாவது ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள ஊழியர்கள் தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் இதைக் கேட்கவேண்டும். பொதுக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றவேண்டும். 'பக்த விதுரரை'யும் 'தியாக பூமி'யையும் தடுத்த கைகளிலிருந்து தேசத்தை மீட்டவர்களின் சந்ததியார் நாம். அந்தக் கைகள் விட்டுச்சென்ற கத்தரிக்கோலுக்கு நீதியின் கடிவாளம் ஒன்றையாவது பூட்டாவிடில், சுயராஜ்யத்தின் வேலை முடிந்துவிட்டதாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது.